தவறணை வாசலில் இறங்கும் சுற்றுலா

வடமராட்சியில் ஒரு கள்ளுத் தவறணை. ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. மாசி மாதத்து ஒரு பின்னேரம், நாலரை மணியிருக்கும், மூன்று ஓட்டோக்கள் வந்து வாசலில் நின்றன. ஆறு வெள்ளைக்காரர்கள் இறங்கினார்கள். நான்கு ஆண்கள், இரண்டு பெண்கள். கூட்டி வந்த வழிகாட்டி எங்கள் பெடியன்தான், நல்ல ஆங்கிலம். பனையைக் காட்டினார், முட்டியைக் காட்டினார், பிறகு எல்லோரையும் தகரக் கொட்டிலுக்குள் அழைத்துப் போனார்.

நான் வெளியே வேலியோரம், சீவல் தொழிலாளி ஒருவரின் மனைவியோடு கதைத்துக்கொண்டு நின்றேன். சீவல் தொழில் பற்றி எழுதுவதற்காகப் போயிருந்தேன். உள்ளே போகவில்லை. எங்களுடைய ஊர்களில் தவறணைக்குள் பெண் போவதில்லை என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அந்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்களும் உள்ளே போய் வாங்கில் இருந்து கள்ளுக் குடித்ததை நாங்கள் இரண்டு பேரும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். அந்த அம்மா சிரித்தார். "என்ர மனிசன் இறக்கின கள்ளு பிள்ளை. நான் ஒருநாளும் அந்த வாங்கில இருந்ததில்லை" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் பத்து நிமிடத்தில் வேறொன்று நடந்தது. உள்ளே மூலையில் இருந்த ஒருவர் எழும்பி வெளியே வந்தார். முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். வந்த பயணிகளில் ஒருவர் கமராவை அவர் பக்கம் திருப்பியிருக்கிறார். கெட்ட எண்ணத்தோடு செய்திருக்கமாட்டார். முகம் பிடித்திருக்கலாம், வெளிச்சம் பிடித்திருக்கலாம். இவர் பாதிப் போத்தலை அப்படியே விட்டுவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார். எத்தனையோ வருடமாக ஒவ்வொரு பின்னேரமும் அவர் வந்து இருக்கிற இடம் அது.

ஐரோப்பிய நகரங்களில் 'பப் கிரோல்' என்று ஒன்று இருக்கிறது. கிரோல் என்றால் தவழ்தல். ஒரு மதுக்கூடத்தில் தொடங்கி அடுத்தது, அதற்கடுத்தது என்று போய், கடைசியில் தவழ்ந்துதான் வீடு போக வேண்டும் என்பது அந்தப் பெயரில் உள்ள பகிடி. நண்பர்கள் கூடித் தாங்களாகவே போவது பழைய வழக்கம். வழிகாட்டி வைத்து, ரிக்கற் விற்று, முப்பது நாற்பது அந்நியர்களை ஒரே கூட்டமாக நடத்திக்கொண்டு போவதுதான் மலிவு விமானங்களோடு பெருகிய வியாபாரம்.

2023 இல் ஒரு பயிற்சிக்காக ஐரோப்பா போனபோது பிராக் நகரில் இப்படி ஒன்றில் நானும் சேர்ந்தேன். குடிப்பதற்காக இல்லை, பார்ப்பதற்காக என்று சொன்னால் நீங்கள் நம்பத் தேவையில்லை. ரிக்கற் எடுத்தவுடன் கையில் ஒரு பட்டி கட்டினார்கள். முதல் இடத்தில் ஒரு மணித்தியாலம் அளவில்லாமல் பியர். பிறகு மூன்று இடங்கள், ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு சிறிய கிளாஸ் இனிப்பு மது. வழிகாட்டி வேறொரு நாட்டிலிருந்து படிக்க வந்த மாணவர். இரண்டாவது இடத்துக்கு நடக்கும்போது கணக்கை அவரே எனக்கு விளக்கினார். ரிக்கற் காசு நிறுவனத்துக்கு. கூட்டத்தைக் கொண்டுவந்து விடுவதற்கு மதுக்கூடம் தலைக்கு இவ்வளவு என்று நிறுவனத்துக்குத் தனியாகக் கொடுக்கும். இவருக்கு நாள் கூலி, மேலதிகமாகக் கையில் தருவது. "தெருவில் இருக்கிற சனத்துக்கு?" என்று கேட்டேன். மேலே பார்த்தார். இரண்டாம் மாடியில் ஒரு மூதாட்டி யன்னல் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார். நேரம் பதினொன்று தாண்டியிருந்தது.

அந்த மூதாட்டியைப் போன்றவர்களின் முறைப்பாடுகள் பல வருடம் குவிந்த பிறகு, 2024 ஒக்டோபரில் பிராக் நகர சபை ஒழுங்குபடுத்தப்பட்ட பப் கிரோல்களை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தடை செய்தது. உலகத்திலேயே தலைக்கு அதிகம் பியர் குடிக்கும் நாட்டின் தலைநகரம் அது. அவர்கள் குடியைத் தடை செய்யவில்லை. யாரும் தனியாகவோ நண்பர்களோடோ எந்த மதுக்கூடத்துக்கும் போகலாம். தடை, கூட்டமாக நடத்திக்கொண்டு போகும் வியாபாரத்துக்கு மட்டும். ஸ்பெயினின் பலேரிக் தீவுகள் 2020 தையிலேயே மகலூஃப் போன்ற குடிச் சுற்றுலா மையங்களில் இதைத் தடுத்துவிட்டன. அம்ஸ்ரடாம் 2020 இல் சிவப்பு விளக்குப் பகுதிக்கு வழிகாட்டிகள் கூட்டங்களை நடத்திப் போவதை நிறுத்தியது. அங்கே உடல் விற்று வாழும் பெண்களைக் காட்சிப்பொருளாகப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2023 இல் அந்நகரம் இன்னொரு படி போய், குடித்துக் கூத்தாட வரும் பிரித்தானிய இளைஞர்களிடம் 'வராதீர்கள்' என்றே விளம்பரம் செய்தது.

பிராக் மாதிரியான ஒன்று யாழ்ப்பாணத்தில் இன்னும் இல்லை. இங்கே இருப்பது சைக்கிளிலும் ஓட்டோவிலும் நடக்கும் சிறிய சுற்றுலா. நல்லூர், கோட்டை, சந்தை, கடற்கரை, நடுவில் ஒரு தவறணை. ஆனால் வருகிறவர்களின் தொகை இப்படியே இருக்கப்போவதில்லை. 2019 ஒக்டோபரில் திறந்து, பிறகு மூடி, 2022 டிசம்பரில் மீண்டும் இயங்கத் தொடங்கிய பலாலி விமான நிலையத்துக்கு இந்தியாவிலிருந்து விமானங்கள் வருகின்றன. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் கப்பல் ஓடுகிறது. லோன்லி பிளனற் 2026 இல் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் யாழ்ப்பாணத்தைப் போட்டிருக்கிறது. அப்படி வருகிறவருக்கு இரவில் என்ன காட்டுவது என்ற கேள்வி ஹொட்டேல்காரருக்கும் வழிகாட்டிக்கும் இப்போதே இருக்கிறது. ஏழு மணிக்குக் கடை பூட்டுகிற ஊர் என்ற முறைப்பாட்டை நானே பலமுறை கேட்டிருக்கிறேன்.

சுற்றிப் பார்க்கப்படுவது எங்களுக்குப் புதிதில்லை. யுத்தம் முடிந்து ஏ9 திறந்த கையோடு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தார்கள். புதுக்குடியிருப்பில் நிலக்கீழ்ப் பதுங்குமாளிகை 2013 இல் வெடிவைத்துத் தகர்க்கப்படும்வரை காட்சிக்கு இருந்தது. நந்திக்கடலோரத்தில் இராணுவம் 2012 இல் விடுதி திறந்தது. காங்கேசன்துறையில், 1990 இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்குச் சனம் காணிக்காக முகாம்களில் காத்திருந்த காலத்திலேயே, உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இராணுவத்தின் உல்லாச விடுதியில் அறை வாடகைக்குக் கிடைத்தது. அங்கெல்லாம் வந்தவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று எங்களை யாரும் கேட்கவில்லை. அதனால்தான் அந்த மனிதர் பாதிப் போத்தலை விட்டுவிட்டுப் போனதை ஒரு கமரா விவகாரமாக மட்டும் என்னால் எடுக்க முடியவில்லை.

தவறணை என்பது என்ன இடம் என்று வழிகாட்டி அன்று சொன்னார். 'பாரம்பரியம்', 'இயற்கை', 'மருத்துவக் குணம்'. மூன்றிலும் பொய் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் மரத்தில் ஏறுகிறவர் யார் என்பது அந்த விளக்கத்தில் இல்லை. யாழ்ப்பாணத்தில் சீவல் தொழில் சாதியோடு கட்டிவைக்கப்பட்ட தொழில். அவர் கை இறக்கிய கள்ளை ஊர் முழுக்கக் குடித்தது. அவர் கோயிலுக்குள் போக முடியவில்லை, தேநீர்க்கடை வாங்கில் இருக்க முடியவில்லை. 1966 ஒக்டோபர் 21 சுன்னாகம் ஊர்வலமும், 1968 மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமும் இதற்காகத்தான் நடந்தன. எங்கள் அப்பப்பா காலத்துக் கதை என்று ஒதுக்கவும் முடியாது. எந்த ஊரில் யார் இன்றும் சீவுகிறார்கள் என்று பார்த்தால் தெரியும்.

1972 இங்கே ஒரு முக்கிய வருடம். அதுவரை தவறணைகளைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் சம்பாதித்தார்கள், ஏறியவர் கூலி வாங்கினார். அந்த வருடம் மரவரி முறை வந்து, சீவல் தொழிலாளர்கள் தங்களுக்கென்று கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தார்கள். கள்ளைச் சங்கம் வாங்கும், சங்கமே விற்கும், இலாபம் உறுப்பினர்களிடம் திரும்பும். எல்லாச் சங்கமும் ஒழுங்காக நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பணத்தில் பிள்ளைகள் படித்த குடும்பங்கள் எல்லாச் சங்கப் பகுதியிலும் இருக்கின்றன. வடக்கில் ஒரு தொழிலைச் செய்கிறவரே அதன் விற்பனையையும் கையில் வைத்திருந்த உதாரணங்கள் அதிகமில்லை. விற்காமல் மிஞ்சும் கள்ளைச் சாராயமாக வடிக்கத்தான் திக்கம் வடிசாலை. அது பல வருடம் முடங்கிக் கிடந்ததும், தனியாருக்குக் கொடுப்பதா சங்கங்களிடமே விடுவதா என்ற இழுபறியும் இத்தளத்தின் வாசகர்களுக்குத் தெரிந்த கதை. மிச்சக் கள்ளுக்கு வடிசாலை இல்லையென்றால் அது நிலத்துக்குத்தான். கள்ளு காத்திருக்கிற பொருள் இல்லை. காலையில் இறக்கியது பின்னேரம் புளிக்கும், அடுத்த நாள் காடி.

யுத்தம் பனையை என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு தரப்புக்கும் பதுங்குகுழிக்குக் குற்றி தேவைப்பட்டது. பளை, முகமாலைப் பக்கம் ஷெல் தலையைக் கொய்துபோன பனைகள் தூண்மாதிரி நின்றதை ஏ9 இல் போன எல்லோரும் பார்த்திருப்பார்கள். நின்ற மரங்களுக்கும் கண்ணிவெடி காவல் இருந்தது. மரம் போனது, ஏறுகிறவர்களும் போனார்கள். சிலர் இறந்தார்கள், சிலர் வெளிநாடு, பிள்ளைகள் தொழிலுக்கு வரவில்லை. வராததை நான் குறையாகச் சொல்லமாட்டேன். விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை ஏன் தளநார் போட வேண்டும்?

இப்போது காசுக்கு வருவோம். அன்று அந்த ஆறு பேரும் குடித்தது நான்கு போத்தல் கள்ளு. அதற்கும் கொஞ்சம் பொரித்த மீனுக்கும் வழிகாட்டி காசு கொடுத்தார், வழக்கமான விலைதான். அரைநாள் சுற்றுலாவுக்கு அவர்கள் டொலரில் கொடுத்ததோடு பார்த்தால் அது ஒரு சிறு துண்டு. மரத்தில் ஏறிக் காட்டியவருக்குக் கையில் ஒரு தாள். சங்கத்தோடு எந்த ஏற்பாடும் இல்லை, முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. பிராக்கில் அந்த மாணவர் எனக்கு விளக்கிய கணக்கு அப்படியே இங்கே வந்து இறங்கியிருக்கிறது. கூட்டி வருகிறவருக்குப் பெரும்பங்கு, இடத்துக்கு வாடிக்கை, பக்கத்தில் இருப்பவருக்குச் சத்தம். வித்தியாசம் ஒன்றுதான். பிராக்கில் மதுக்கூடமாவது தன் விலையைத் தானே வைக்கிறது.

வழிகாட்டியை நான் குற்றம் சொல்ல வரவில்லை. வேலை இல்லாத ஊரில் ஒரு வேலையைத் தானே உண்டாக்கியவர். அன்று திரும்பும்போது அவரோடு கதைத்தேன். கமரா விடயம் தனக்கும் பிடிக்கவில்லை என்றார். "அடுத்தமுறை வாசலிலேயே சொல்லிப்போட்டுத்தான் உள்ள விடுவன் அக்கா" என்றார். செய்வார் என்று நம்புகிறேன். ஆனால் இது ஒரு தனிமனிதரின் நல்ல மனத்தில் விடுகிற விடயமாக இருக்க வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் அது ஒரு தனி வேடிக்கை. 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1979 இல் வந்த அறிவித்தல், தவறணைக்குள் பெண்ணுக்கு மது விற்பதையும் கொடுப்பதையும் தடுத்தது. 2018 தையில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை மீளப்பெற வைத்தார். அந்த அறிவித்தல் வெள்ளைக்காரப் பெண் என்றும் எங்கள் பெண் என்றும் பிரிக்கவில்லை. பிரித்தது நடைமுறை. மதுபான விளம்பரத்தை 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. பயண இணையத்தளங்களில் 'கள்ளுச் சுவைத்தல்' படத்தோடு விற்பனைக்கு இருக்கிறது. தவறணையில் ஒரு போத்தல் கூடினால் வந்து நிற்கும் அதிகாரிக்கு இந்த இரண்டும் கண்ணில் படுவதில்லை.

எந்த ஊரில் மது விற்க வேண்டும் என்பதில் ஊருக்குக் குரல் இல்லை என்பதை 2024 காட்டியது. தேர்தலுக்கு முந்திய மாதங்களில் நாடு முழுக்க முந்நூறுக்கும் மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் கொடுக்கப்பட்டன. அந்தப் பட்டியல் டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. வடக்கில் கிளிநொச்சியின் பங்கைப் பார்த்துத்தான் சனம் வாயடைத்தது. யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து திரும்பி வந்து குடியேறிய மாவட்டம். புதிய மதுபானசாலைகளுக்கு எதிராக அங்கே சனம் வீதியில் இறங்கியது. சிபாரிசுக் கடிதம் கொடுத்ததை எங்கள் பிரதிநிதி ஒருவரே ஒப்புக்கொண்டார். பெயர் உங்களுக்குத் தெரியும். தவறணையில் வியாபாரம் குறைந்தால் அதற்கு வெள்ளைக்காரர் காரணம் இல்லை, சந்திக்குச் சந்தி வந்த மதுபானசாலைதான் காரணம் என்று சீவல் தொழிலாளர்கள் சொல்கிறார்கள். போத்தல் சாராயத்தின் இலாபம் ஊரில் நிற்பதில்லை. கசிப்பு அதையும் விட மோசம்.

ஒன்றை மறைக்கவும் விரும்பவில்லை. தவறணை ஒரு புனித இடம் இல்லை. நாள் கூலியில் பாதியை அங்கே விட்டுவிட்டுப் போகிறவர்களின் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவர்களுடைய மனைவிமாரைக் கேட்டால் தெரியும். நித்திரை வருவதற்காகக் குடிக்கிறேன் என்று சொன்ன ஆண்களை முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் சந்தித்திருக்கிறேன். குடிக்காவிட்டால் முள்ளிவாய்க்கால் வருகிறது என்றார் ஒருவர். உளநல சேவை போய்ச்சேராத ஊர்களுக்கு மதுபான அனுமதிப்பத்திரம் போய்ச்சேர்ந்திருக்கிறது. அப்படியான ஒருவர் இருக்கிற வாங்குக்கு எதிரே ஒரு சுற்றுலாக் கூட்டத்தை இருத்தி, எங்கள் மகிழ்ச்சியான பின்னேரப் பொழுதைப் பாருங்கள் என்று காட்டும்போது, இரண்டு பக்கத்துக்கும் பொய் சொல்கிறோம்.

அதற்காக வெள்ளைக்காரர் தவறணைப் பக்கம் வரவே கூடாது என்பது என் கட்சி இல்லை. டப்ளினில் 1980களின் இறுதியிலிருந்து ஓர் இலக்கிய பப் கிரோல் நடக்கிறது. நடிகர்கள் இரண்டு பேர் கூட்டத்தை நாலு மதுக்கூடங்களுக்குக் கூட்டிப்போய், ஜொய்ஸ், பெக்கற் போன்ற அந்த நகரத்து எழுத்தாளர்களை நடித்துக் காட்டுகிறார்கள். அங்கே காட்சி நடிகர்கள்தான். மூலையில் இருந்து குடிக்கிற கிழவர் இல்லை.

இங்கே செய்வதானால் சங்கங்கள் செய்யட்டும். தவறணைக்குள் இல்லாமல், பனங்காணியிலேயே ஒரு கொட்டில். அங்கே ஆணும் பெண்ணும் இருக்கலாம், சீவுகிறவரின் மனைவி உட்பட. குடிக்காதவருக்குச் சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கிய கருப்பணி இருக்கிறது, ஒடியல் கூழ் இருக்கிறது. விலையைச் சங்கம் வைக்கட்டும், ஒருவர் தலைக்கு இவ்வளவு என்று. ஏறிக் காட்டுவது தனி வேலை, அதற்குத் தனிக் கூலி, விழுந்தால் காப்புறுதி. 1966 ஐப் பற்றியும் அங்கே சொல்லட்டும். கேட்கிற வெள்ளைக்காரருக்கு அது 'இயற்கை, மருத்துவக் குணம்' என்பதைவிட நிச்சயம் சுவாரசியமாக இருக்கும். பொழுதுபட முன் முடியட்டும். பிரதேச சபைகள் செய்யக்கூடியது சின்ன விடயம்தான். கூட்டமாகக் கூட்டிப்போகும் சுற்றுலாவுக்கு ஒரு பதிவு, நேரக் கட்டுப்பாடு, அந்த ஊர்ச் சங்கத்தின் சம்மதக் கடிதம். பிராக் அதைச் செய்ய ஒரு தலைமுறை எடுத்தது. எங்களுக்கு இன்னும் மூன்று ஓட்டோக்கள்தான் வருகின்றன.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் கொட்டிலைப் பற்றியோ காப்புறுதியைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டோக்கள் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உவையள் வாறதெண்டா முதல் நாளே சொல்லச் சொல்லுங்கோ பிள்ளை. இண்டைக்கு நாலு போத்தல் உவையளுக்குப் போட்டுது. வழக்கமா வாற ரெண்டு பேருக்குக் கள்ளு இல்லை."